உப்புநீரும் எண்ணெயும்

பிப்ரவரி 4, ஞாயிறு. மாமல்லபுரம்

விடிவதற்கு முன்பே வேளச்சேரியிலிருந்து கிளம்பிவிட்டோம். கன்னியாகுமரி வரை கடற்கரைச் சாலையிலேயே போவதாகத் திட்டம். நல்ல கரை கண்ட இடத்தில் இறங்கி அவர் நீந்துவார். சாயங்காலம் எண்ணெய் மசாஜ், ஆவிக் குளியல் எல்லாம் உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்குவது. முழுக்க அவருடைய ஏற்பாடு. செந்தூரி பிறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போவது இதுதான் முதல் தடவை.

பொங்கலுக்கு வீட்டில் கொஞ்சம் மனக்கசப்பு. காலேஜ் லீவில் வந்திருந்த செந்தூரி அவள் அப்பாவிடம் பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசிவிட்டாள். போலீஸ் என்றுகூடச் சொன்னாள். பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா அது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் நிறைய மாறியிருக்கிறார். இருபது நாளாகக் குரல் உயரவில்லை. இந்தப் பயணமே அதனால்தான்.

இந்த நோட்டும் செந்தூரி வாங்கித் தந்ததுதான். "தெனமும் ரெண்டு வரியாவது எழுதும்மா" என்றாள்.

காலையில் சவுக்குத் தோப்பை ஒட்டிய கரையில் அவர் நீந்தினார். போன வருடம்தான் கிளப் குளத்தில் கற்றுக்கொண்டார். கண்ணாடி, தொப்பி, இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை என்று எல்லாம் புதிது. நான் கரையில் நின்று அவர் போனில் வீடியோ எடுத்தேன். என் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம். "ரெண்டு போன் எதுக்கு? நிம்மதியா இருப்போம்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

கரையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு வழிகாட்டியாக வந்திருந்த பெண், "உங்களுக்கு நீச்சல் தெரியுமா மேடம்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "ஆத்துல முங்கிக் குளிப்பா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 5, திங்கள். புதுச்சேரி

மரக்காணம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் கண் கூசியது. அவர் பழைய பாட்டு போட்டு, கூடவே பாடிக்கொண்டு ஓட்டினார்.

விடுதி அழகாக இருந்தது. சாயங்காலம் ஆண்கள் பக்கம் அவரும் பெண்கள் பக்கம் நானும் போனோம். எனக்கு மசாஜ் செய்தவள் பாலக்காட்டுக்காரி. நல்லெண்ணெயில் ஏதோ வேர் போட்டுக் காய்ச்சியது, சூடாகத் தோளில் ஊற்றினாள். சுகமாக இருந்தது. பிறகு அவள் கை நின்றுவிட்டது.

"சேச்சி, இது என்ன?"

"பழசு. கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"ரெண்டு தோளிலயுமா?"

நான் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த இரண்டு இடத்தையும் தொடாமல் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். அந்த ஊர்ப் பெண்களுக்கு மரியாதை போதாது. விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியா?

இராத்திரி இறால் தொக்கு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய். தரங்கம்பாடி

இன்று நீந்தினேன்.

எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது. கோட்டைக்கு வடக்கே ஆளில்லாத கரை. அலை சின்னது. அவர் உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் மிதவையைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறினார். அங்கிருந்தே, "நீயும் வாயேன், சும்மா இடுப்பளவுக்கு" என்று கூப்பிட்டார். சுடிதாரோடு இறங்கினேன். முதல் அலை நெஞ்சில் அடித்ததும் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் எங்கள் ஊர் ஏரலில் ஆற்றுப்பாலத்துக்குக் கீழே நீந்தியது, பல்கலைக்கழக அணியில் திருவனந்தபுரம் வரை போனது, பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து மூச்சு விடக் கற்றுக்கொடுத்தது, எல்லாம் கை கால்களுக்குத் தெரிந்திருக்கிறது. தலையைத் தண்ணீருக்குள் விட்டால் உலகத்துச் சத்தம் முழுக்க நின்றுபோகும். அதை எப்படி இத்தனை வருடம் மறந்திருந்தேன்?

நிமிர்ந்து பார்த்தபோது அவரைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தேன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். திரும்பி வந்தபோது ஒருத்தி சத்தமாக, "யக்கா, ஒங்க ஊட்டுக்காரருக்கும் சொல்லிக் குடுக்கா!" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார்.

பிப்ரவரி 7, புதன்

தலைவலி. அறையிலேயே இருந்தேன். குளியலறைத் தரை வழுக்கும், பார்த்துப் போயிருக்க வேண்டும்.

பிப்ரவரி 8, வியாழன். வழியில்

வேதாரண்யம், தொண்டி என்று நாள் முழுக்கக் காரிலேயே போயிற்று. அவருக்குத் தொண்டை கட்டியிருப்பதால் எங்கும் இறங்கவில்லை. நான் தைல டப்பாவைத் திறந்து அவர் கழுத்தில் தேய்த்துவிட்டேன்.

செந்தூரி அவர் போனுக்குக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேம்மா. கடல் அவ்வளவு அழகா இருக்கு."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஏசி காத்து."

பிறகு, "அம்மா, ரூம் வாசல்ல வந்து தனியா பேசேன்" என்றாள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "கார் ஓடிக்கிட்டு இருக்கு செந்தூரி. வாசலு எங்க இருக்கு?" என்று அன்பாகத்தான் சொன்னார். அவள் வைத்துவிட்டாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

பிப்ரவரி 9, வெள்ளி. தனுஷ்கோடி

இப்படி ஒரு நாளும் இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும். தனுஷ்கோடியில் ஒரு பக்கம் அசையாத நீலம், மறு பக்கம் குதிக்கிற அலை. அசையாத பக்கத்தில் அவர் நிறைய நேரம் நீந்தினார். வெளியே வந்து, ஓலைக்கடையில் சூடாக வறுத்த மீனில் முள்ளெடுத்து எனக்கு ஊட்டினார். "சக்தி, நான் கோவக்காரன்தான். ஆனா உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார். கண் கலங்கியிருந்தது. கடைக்காரம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு புன்னகைத்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராகவே இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

இது ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 10, சனி. மணப்பாட்டுக்குத் தெற்கே

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அவர் தூங்குகிறார்.

சாலையிலிருந்து தேரிச் செம்மணலில் இறங்கினால் ஒரு வெறுங்கரை. காற்று பலமாக இருந்தது. அலை இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கலங்கலாக, அமைதியாகக் கிடந்தது. குளத்தில் பழகியவர்களுக்கு அதுதான் இறங்குவதற்கு நல்ல இடம் என்று தோன்றும்.

"நடுவுல இறங்காதீங்க. அங்கதான் தண்ணி திரும்ப உள்ள போகுது. இழுத்துரும்."

"எனக்குக் கிளாஸ் எடுக்கியோ?"

"இல்லங்க, பாத்தா தெரியுது..."

"வீடியோவ எடுட்டி. அது போதும்."

மிதவையைக் காரிலேயே விட்டுவிட்டார். படத்தில் பார்க்க நன்றாக இல்லையாம்.

நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் பெருமையாகத்தான் இருக்கும். கை வீசவே தேவையில்லாமல் போய்க்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார். கரையை நோக்கி அடித்தார், அடித்தார், இருந்த இடத்திலேயே இருந்தார். இன்னும் அடித்தார், பின்னால் போனார். கையைத் தூக்கினார். திரையில் பார்க்க, டாட்டா காட்டுவது போலத்தான் இருந்தது.

நான் உடனே ஓடவில்லை. கையில் போன் இருந்தது. தலை ஒரு முறை மறைந்து வெளியே வந்தது. 'இனிமேல்...' என்று மனதில் ஒரு வாக்கியம் தொடங்கியது. அது முடிவதற்குள் கால்கள் ஓடிவிட்டன. துப்பட்டா எங்கே விழுந்தது, போன் எங்கே விழுந்தது, எதுவும் தெரியாது.

அந்த இழுப்பே என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அருகில் போனதும் என் இரண்டு தோளையும் பிடித்து, என்மேல் ஏறி, என்னைக் கீழே அமுக்கினார். உயிருக்குத் தவிக்கிற யாரும் அப்படித்தான் செய்வார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. விரல்கள் எங்கெங்கே பதியும் என்றுகூடத் தெரியும்.

வீட்டில் அந்தப் பிடியிலிருந்து எனக்கு விடுபடத் தெரியாது. தண்ணீரில் தெரியும். பிடித்தால் மேலே வரப் போராடாதே, இன்னும் கீழே போ, பிடித்தவர் தானாக விட்டுவிடுவார் என்று கல்லூரியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். கீழே போனேன். விட்டார். பின்பக்கமாக எழுந்து தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து அவர் முகத்தை வானத்தைப் பார்க்கத் திருப்பினேன். "கைய அசைக்காதீங்க. மூச்சு மட்டும் விடுங்க." என் குரல்தானா அது? பள்ளிக்கூடத்துக் குரல். அவர் கேட்டார். நான் சொன்னதை அவர் அப்படியே கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

கரையை நோக்கிப் போகாமல் கரையோரமாகவே நீந்தினேன். இழுப்பு விட்டதும் அலை எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. அங்கே கரையேற்றியிருந்த ஒரு வள்ளத்தடியில் இருந்த இரண்டு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டார்கள். நிறைய வாந்தி எடுத்தார். ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா? கடக்கரை ஆளா?" என்று கேட்டார். "ஏரல்" என்றேன். எனக்கும் வாந்தி வந்தது.

போனை அவர்களே மணலிலிருந்து எடுத்துத் தந்தார்கள். நான் போட்டுவிட்டு ஓடிய பிறகு அதில் வெறும் வானம்தான் பதிவாகியிருந்தது.

மாலை. எழுந்துவிட்டார். கூப்பிடுகிறார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

காலைச் சாப்பாட்டின்போது விடுதி முதலாளியும் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியும் எங்கள் மேசைக்கு வந்து விசாரித்தார்கள். அவர் சொன்னார்: "இவ கால் நனைக்கேன்னு போனா. இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. நான் போயி முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். எனக்கே பாதி உசுரு போயிருச்சு."

அந்த மதுரைக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள்.

நான் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தேன். இட்லி இறங்கவில்லை.

உள்ளே போகும்போது எடுத்த வீடியோவை மட்டும் வெட்டி, அதன் கீழே இந்தக் கதையை எழுதி, எல்லாரும் பார்க்கும்படி போனில் போட்டிருக்கிறார். எத்தனையோ பேர் அதற்குக் கைகூப்புகிற படம் வைத்திருக்கிறார்கள். என் அண்ணன் சுயம்புவும்.

பிப்ரவரி 12, திங்கள். நாகர்கோவில் பஸ் நிலையம்

பஸ் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. தலையில் எண்ணெய் வழிகிறது. எல்லாரும் பார்க்கிறார்கள்.

கன்னியாகுமரி விடுதியில் அவருக்குப் பிழிச்சல் போட்டிருந்தார்கள். உடம்பு முழுக்கச் சூடான எண்ணெயைப் பிழிந்து பிழிந்து ஊற்றுவது, சீக்கிரம் முடியாது. எனக்குத் தலைக்கு மட்டும். செய்தவள் பிரிஜிட், மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், எனக்குத் தங்கையாகும் வயதிருக்கும். துப்பட்டாவை எடுத்தாள். எண்ணெயை ஊற்றினாள். கழுத்துக்கு வந்ததும் குனிந்து என் காதருகே மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, இது வெரலு."

"கடல்ல... முந்தாநாள் கடல்ல..."

"கடலுக்கு வெரலு கெடையாதுக்கா."

அவள் கையில் கிண்ணம் இருந்தது. அதிலிருந்து எண்ணெய் சொட்டுகிற சத்தம் கேட்டது. நான் பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். கதவு, தரை, படிக்கட்டு என்று எத்தனையோ வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"என் வீட்டுக்காரர்" என்றேன். "கடல்ல இல்ல. அதுக்கப்புறம், ரூம்ல. யாரு உன்ன வரச் சொன்னா, நாலு பேருக்கு முன்னால என்ன பிணம் மாதிரி இழுத்துட்டு வந்தியேன்னு."

சொல்லி முடித்ததும் ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை. பிரிஜிட் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"போக எடம் உண்டா?"

"மக கோயமுத்தூர்ல படிக்கா."

"நம்பர் தெரியுமா?"

தெரியும். என் போனில் அழுத்தி அழுத்தி விரலுக்குப் பழகிய நம்பர். பிரிஜிட்டின் போனில் கூப்பிட்டேன். "செந்தூரி" என்றேன். அந்தப் பக்கம் அவள், "வந்துரும்மா. எங்க இருந்தாலும் கெளம்பி வந்துரு. ஒண்ணும் சொல்ல வேண்டாம், வந்துரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த வார்த்தையைச் சொல்வதற்காகவே பல நாளாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவள் போல.

பிரிஜிட் என் கைப்பையை எடுத்துத் தந்தாள். பஸ்ஸுக்கு ஆகட்டும் என்று எதையோ கையில் திணித்தாள். துணி துவைக்கிற இடம் வழியாகப் பின்கேட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆட்டோ நின்றது.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"கேட்டா, குளிக்கப் போனாங்க, பொறவு காணேல்லன்னு சொல்லுவேன். நீங்க போங்கக்கா."

ஆட்டோ திரும்பும்போது ஆண்கள் பக்கத்து ஜன்னல் தெரிந்தது. திரை போட்டிருந்தது. உள்ளே பிழிகிற எண்ணெயின் வாசனை வெளியே வரைக்கும் வந்தது.

பயமாக இருக்கிறது. இந்த பஸ் ஏன் இன்னும் எடுக்கவில்லை?

பிப்ரவரி 13, செவ்வாய். கோயம்புத்தூர்

செந்தூரி மூன்று தோழிகளோடு தங்கியிருக்கும் வீடு. வந்ததும் என் தலையைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டாள். எத்தனை தடவை சீயக்காய் போட்டும் எண்ணெய் போகவில்லை. கழுத்தைப் பார்த்தாள். அழவில்லை. போட்டோ எடுத்தாள். அதற்கப்புறம் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

சாப்பிடும்போது கேட்டாள். "ஏம்மா அவரக் காப்பாத்துன?"

"ஒருத்தன் முங்குறான்னு தெரிஞ்சா அப்புறம் யாருன்னு பாக்கவா முடியும்?"

"நான் பாத்திருப்பேன்" என்றாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். இந்த வயதில் என் பெண் மனதில் இப்படி ஒன்று இருக்கிறதே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. நான் பொறுத்துப் போனதெல்லாம் இவளுக்காக என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

அண்ணன் சுயம்பு செந்தூரி போனுக்குக் கூப்பிட்டான்.

"என்ன பிரம்மசக்தி இது? மாப்பிள்ளை இங்க ஏரலுக்கே வந்து உக்காந்து அழுதாரு. சின்னப்பிள்ளை மாதிரி."

"அண்ணே, அவரு..."

"ஆம்பளைன்னா ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான். அத விடு. உன் உசுரக் காப்பாத்திருக்காருட்டி! தன் உசுரு போனாலும் பரவால்லன்னு கடல்ல குதிச்சிருக்காரு. ஊரே பாத்திருக்கு. அந்த மனுசன விட்டுட்டு ஓடி வந்திருக்கியே, நன்றி வேண்டாமா?"

"காப்பாத்துனது நான், அண்ணே."

"எது?"

"நான்தான் அவர இழுத்துட்டு வந்தேன்."

என்னோடு சேர்ந்து பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தவன் அவன். போட்டிக்குப் போகும்போது சைக்கிளில் வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனவன். எனக்கு நீச்சல் எப்படி வரும் என்று அவனுக்குத் தெரியாதா?

"சரி, யாரு இழுத்தா என்ன?" என்றான் கடைசியில். "ரெண்டு பேரும் பொழச்சுட்டீங்கல்ல. வந்து சேரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கைகூப்பி வைத்திருக்கிறான்.

பிப்ரவரி 16, வெள்ளி

அவர் செந்தூரி காலேஜ் வாசலில் வந்து நின்றாராம். பூங்கொத்தோடு. அவள் பின்பக்கமாக வந்துவிட்டாள்.

பிப்ரவரி 17, சனி

காலையில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். எஸ்.ஐ. ஒரு பெண், செந்தூரியைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். முதலில் சலிப்பாகத்தான் இருந்தாள். போனில் அவர் போட்டிருந்த வீடியோவை ஏற்கெனவே யாரோ அவளுக்குக் காட்டியிருந்தார்கள்.

"காப்பாத்துனவர் மேலயாம்மா கம்ப்ளைண்ட்?"

துப்பட்டாவை எடுத்தேன். மஞ்சளாகத் தொடங்கியிருந்தது, ஆனால் விரல்கள் தெளிவாகவே இருந்தன. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எழுதுவதற்கு ஒரு பெண் காவலரைக் கூப்பிட்டாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க. கடல்ல இருந்து வேண்டாம். மொதல் தடவ எப்ப நடந்தது?"

எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்றுதான் நினைத்தேன். மறப்பதற்குத்தானே இத்தனை வருடம் பழகியது. "கல்யாணத்துக்குப் போட்ட மருதாணி அழியல" என்று ஆரம்பித்தேன். பிறகு, திருப்பூரில் அவர் சித்தி வீட்டு மாடியில். பிறகு நான் வேலையை விட்ட அன்று. அதற்கு முன்னால், விடமாட்டேன் என்று சொன்ன அன்று. ஒன்று இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. என்ன புடவை, அடுப்பில் என்ன இருந்தது, பக்கத்து வீட்டு ரேடியோவில் என்ன ஓடியது, அத்தனையும் உடம்பில் இருந்திருக்கிறது.

காவலர் இரண்டு தடவை எழுதுவதை நிறுத்திக் கையை உதறிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "மெதுவா சொல்லுங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். செந்தூரி பெஞ்சில் என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை வெளியே போகச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

டீ வந்தது. எஸ்.ஐ. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள். குடித்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினோம். மதியச் சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. நான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் செந்தூரி இன்னும் பிறக்கவே இல்லை.